ஆட்டம் ஊருக்கு, மரணம் வீட்டுக்கு

திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் உள்ள உள்விளையாட்டு அரங்கத்துக்கு ஜிம்மி ஜார்ஜின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. கண்ணூர் மாவட்டம் பேராவூரில் 1955இல் பிறந்து, கேரள போலீஸ் அணியில் ஆடி, இத்தாலிக்குப் போய்த் தொழில்முறை வாலிபால் ஆடியவர் அவர். 1986 சோல் ஆசிய விளையாட்டில் இந்தியா வெண்கலம் வென்றபோது அணியில் இருந்தார். அடுத்த ஆண்டு நவம்பர் 30 அன்று இத்தாலியில் கார் விபத்தில் இறந்தார். வயது 32. இத்தாலியின் மோன்டிகியாரி ஊரிலும் ஓர் அரங்கத்துக்கு அவர் பெயர்தான். வாலிபால் தெரிந்தவர்கள் இன்றும் பேசுவது, வலைக்கு மேலே எழும்பி ஒரு கணம் காற்றிலேயே நின்றுவிட்டதுபோல் தோன்றும் அவருடைய அடியைப் பற்றித்தான். கார் என்ன வேகத்தில் போனது என்று யாரும் பேசுவதில்லை. அவருக்கு முன்பு, கேரள விளையாட்டு கவுன்சிலுக்கு வித்திட்ட கர்னல் கோதவர்ம ராஜா 1971 ஏப்ரல் 30 அன்று குலு பள்ளத்தாக்கில் விமான விபத்தில் இறந்தார். அவர் பிறந்த அக்டோபர் 13ஐத்தான் கேரளம் விளையாட்டு தினமாகக் கொண்டாடுகிறது. இரண்டுமே எதிர்பாராத மரணங்கள், இரண்டுமே ஊரை உலுக்கியவை. அந்தக் காலத்தில் வதந்தியே கிடையாது என்று சொல்ல மாட்டேன். மனிதர்கள் அன்றும் மனிதர்கள்தான். ஆனால் ஒரு வதந்தி அச்சேற ஓர் இரவாவது பிடிக்கும், அந்த இரவுக்குள் அதில் பாதி செத்துவிடும்.

இப்போது அந்த இரவு நமக்கு வாய்ப்பதில்லை. புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவர் திடீரென இறந்தால், வீட்டாருக்குச் செய்தி எட்டுவதற்குள் ஊருக்கு எட்டிவிடுகிறது. காரணம் தெரிவதற்கு முன்பே காரணங்கள் வந்துவிடுகின்றன. இறந்தவருக்கு மரியாதை என்றால் புகழ்ந்து பேசுவது என்றுதான் பெரும்பாலும் புரிந்துகொள்கிறோம். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. ஆட்டக்காரர் நமக்குத் தந்தது தன் ஆட்டத்தை. அதைப் பற்றிப் பேச, பாராட்ட, குறை சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு. அவருடைய கடைசி மணி நேரத்தை அவர் நமக்குத் தரவில்லை. நம் முன்னோர் வீரனுக்கு நட்ட நடுகற்களில் அவன் எப்படி இறந்தான் என்பதும் பொறிக்கப்பட்டிருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆநிரையை மீட்கும் போரில் இறந்தான் என்று கல்லில் வெட்டினார்கள். அங்கே அவன் இறந்த விதமே அவன் செய்த செயல். ஊருக்காக இறந்ததை ஊர் எழுதிவைத்தது. விடுதி அறையில், நெடுஞ்சாலையில், தன் வீட்டின் கதவுக்குப் பின்னால் நேரும் மரணம் அப்படிப்பட்டதல்ல. அதில் ஊருக்கான செயல் எதுவும் இல்லை. தென் திருவிதாங்கூர்த் தமிழர்கள் துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்கப் போகும் முறையிலேயே இந்த எல்லை இருக்கிறது. போய் உட்கார்வார்கள், இரண்டு வார்த்தை பேசுவார்கள், போய்வருகிறேன் என்று சொல்லாமலே எழுந்துவிடுவார்கள். என்ன நடந்தது என்பதை வீட்டார் தாமாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

அந்தப் பக்குவம் பெரிய மனிதர்களிடமும் எப்படித் தவறிப்போகிறது என்பதற்கு ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் ஷேன் வார்னின் மறைவு ஓர் எடுத்துக்காட்டு. 2022 மார்ச் 4 அன்று தாய்லாந்தின் கோ சாமுய் தீவில், 52 வயதில் அவர் இறந்தார். அதே நாளில் இறந்த விக்கெட் கீப்பர் ராட் மார்ஷுக்குச் சில மணி நேரம் முன்புதான் அவர் இரங்கல் எழுதியிருந்தார். செய்தி வந்த சூட்டோடு இந்தியத் தொலைக்காட்சி ஒன்று சுனில் கவாஸ்கரிடம், வார்ன்தான் உலகின் தலைசிறந்த சுழற்பந்து வீச்சாளரா என்று கேட்டது. இல்லை, இந்தியச் சுழற்பந்து வீச்சாளர்களும் முத்தையா முரளிதரனும் அவரைவிட மேல் என்றார் கவாஸ்கர். கருத்தாக எடுத்துக்கொண்டால் அதில் தவறில்லை. டெஸ்டில் முரளிக்கு 800 விக்கெட், வார்னுக்கு 708. இந்திய மண்ணில் வார்னின் சராசரி 40க்கு மேல். ஆனாலும் உலகம் முழுவதிலும் கண்டனம் எழுந்தது. அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கக் கூடாது, தானும் பதில் சொல்லியிருக்கக் கூடாது, ஒப்பீட்டுக்கு அது நேரமல்ல என்று சில நாள்களில் கவாஸ்கரே சொல்லிவிட்டார். அவர் பிழையை ஏற்றுக்கொண்ட விதம் நேர்மையானது. கேள்வி கேட்டவர்களை யாரும் பெரிதாகக் கண்டிக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வீட்டார் அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் திரையை நிரப்ப ஒரு பட்டிமன்றம் தேவைப்பட்டது, அதற்கு ஒரு மரணம் தலைப்பாகக் கிடைத்தது. அதே வாரத்தில் வார்ன் தங்கியிருந்த அறையில் போலீசார் என்னென்ன கண்டார்கள் என்பதெல்லாம் உலகச் செய்தியாயிற்று. பிரேதப் பரிசோதனைக்குப் பின் தாய்லாந்து போலீசார் சொன்னது இயற்கை மரணம் என்ற ஒற்றை வரி. அந்த வரி வரும்வரை காத்திருந்தால் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை.

காத்திருக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே கிரிக்கெட் உலகம் பார்த்துவிட்டது. 2007 உலகக் கோப்பையில் மார்ச் 17 அன்று கிங்ஸ்டனில் அயர்லாந்திடம் தோற்றுப் பாகிஸ்தான் வெளியேறியது. மறுநாள் காலை அந்த அணியின் பயிற்சியாளர் பாப் உல்மர் தன் விடுதி அறையில் உணர்விழந்து கிடந்தார், பிறகு இறந்தார். கான்பூரில் பிறந்து இங்கிலாந்துக்கு ஆடிய அவருக்கு அப்போது 58 வயது. சில நாள்களிலேயே ஜமைக்கா போலீசார் இதைக் கொலை என்று அறிவித்தார்கள். கழுத்தை நெரித்துக் கொன்றிருக்கிறார்கள் என்றார்கள். அதன்பின் நடந்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. பாகிஸ்தான் வீரர்களிடம் கைரேகை எடுத்தார்கள், மரபணு மாதிரி எடுத்தார்கள். சூதாட்டக் கும்பல், விஷம், அணிக்குள் தகராறு என்று ஆளுக்கொரு கதை பத்திரிகைகளில் ஓடியது. சந்தேகத்தின் நிழல் படாத வீரரே இல்லை. தென்னாப்பிரிக்காவில் இருந்த குடும்பம் உடலுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தது. ஜூன் மாதம், வெளிநாட்டு நோயியல் நிபுணர்களின் மறு ஆய்வுக்குப் பின், அது கொலையல்ல, இயற்கை மரணம் என்று அதே போலீசார் அறிவித்தார்கள். நவம்பரில் விசாரணை நீதிமன்றத்தின் ஜூரி எந்த முடிவுக்கும் வராமல் திறந்த தீர்ப்பு ஒன்றைத் தந்தது. தொடக்கத்தில் பிழை செய்தது போலீஸ். அதை ஊதிப் பெருக்கியது நாம் எல்லோரும். கிரிக்கெட் பயிற்சியில் கணினியைக் கொண்டுவந்த முன்னோடிகளில் உல்மர் ஒருவர், தென்னாப்பிரிக்க அணியை உலகத் தரத்துக்கு வளர்த்தவர். இன்று அவர் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்கு அது நினைவுக்கு வரும்? விடுதி அறைதான் நினைவுக்கு வரும். இறந்தவரிடமிருந்து அவருடைய வாழ்க்கையைப் பிடுங்கிக்கொண்டு மரணத்தை மட்டும் அவர் கையில் கொடுத்துவிட்டோம்.

திடீர் மரணம் என்றால் மனம் உடனே ஒரு குற்றவாளியைத் தேடுகிறது. இந்தியக் கால்பந்து இதை 2004 டிசம்பர் 5 அன்று கண்டது. பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டம். டெம்போ அணிக்காகத் தன் இரண்டாவது கோலை அடித்த அதே கணத்தில், பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் மோகன் பகான் கோல்கீப்பர் சுப்ரத பாலுடன் மோதி விழுந்தார், உயிர் பிழைக்கவில்லை. பாலுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. கால்பந்துக் கூட்டமைப்பு அவருக்குச் சில காலம் தடை விதித்தது. அதைவிட நீண்ட தண்டனையை மக்கள் பேச்சு விதித்தது. பிறகு அவர் இந்திய அணியின் நம்பிக்கைக்குரிய கோல்கீப்பராக வளர்ந்து அர்ஜுனா விருதும் பெற்றார் என்றாலும், அவரைப் பற்றிய எந்தக் கட்டுரையும் அந்த நாளைத் தொடாமல் போவதில்லை. பத்தாண்டு கழித்து, 2014 நவம்பர் 25 அன்று சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் ஷான் அபாட் வீசிய பவுன்சர் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் பிலிப் ஹியூஸின் கழுத்தில் பட்டது. இரண்டு நாளில் ஹியூஸ் இறந்தார். 26ஆம் பிறந்தநாளுக்கு மூன்று நாள்தான் இருந்தது. அங்கே நடந்தது வேறு. குடும்பத்தின் அறிக்கையைக் கேப்டன் மைக்கேல் கிளார்க் வாசித்தார். அணி மருத்துவர் பீட்டர் புரூக்னரும் மருத்துவமனை மருத்துவரும் என்ன நேர்ந்தது என்பதை ஒரே முறை, தெளிவாக விளக்கினார்கள். ஊகத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அபாடைக் குறை சொல்லாதீர்கள் என்று வீரர்கள் மாறி மாறிச் சொன்னார்கள். டிசம்பரில் அதே மைதானத்துக்குத் திரும்பிய அபாட் 14 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். ஹியூஸ் ஆட்டமிழக்காமல் எடுத்திருந்த 63 ரன் அவர் பெயரோடு நிரந்தரமாகச் சேர்ந்துகொண்டது. 2016இல் மரண விசாரணை அதிகாரியும் யார் மீதும் பழி இல்லை என்றே முடித்தார். இறந்தவரை மதிப்பதில் உயிரோடிருக்கும் இன்னொருவரின் வாழ்க்கையைக் காப்பதும் அடங்கியிருக்கிறது என்பதற்கு இந்த இரண்டு மைதானங்களே சான்று.

கேரளமும் தமிழ்நாடும் சேர்ந்து சுமக்க வேண்டிய மரணம் ஒன்று உண்டு. வி.பி.சத்யன். ஃபெடரேஷன் கோப்பையை 1990இலும் 1991இலும் வென்ற கேரள போலீஸ் அணியின் தூண். 1973க்குப் பிறகு பத்தொன்பது ஆண்டு காத்திருந்த கேரளத்துக்கு 1992இல் கோயம்புத்தூரில் சந்தோஷ் டிராஃபியை வாங்கிக் கொடுத்த கேப்டன். 1995இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றபோதும் கேப்டன் அவர்தான். இந்தியன் வங்கியில் ஆடி, அங்கேயே பயிற்சியாளராகவும் இருந்து சென்னைவாசியாகிவிட்ட சத்யன், 2006 ஜூலை 18 அன்று 41 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். எப்படி, எந்த இடத்தில் என்பதை இந்தக் கட்டுரை சொல்லவில்லை. அது சத்யன் என்ற தடுப்பாட்டக்காரரைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை. காயம்பட்ட கால், கைவிட்ட கால்பந்து உலகம், கவனிக்காத அரசு என்று அன்றும் பிறகும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணத்தை எடுத்துக்கொண்டார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் ஒரு மனிதன் உயிரை விடுவதற்கு ஒற்றைக் காரணம் இருப்பது அரிது என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2018இல் பிரஜேஷ் சென் இயக்கிய 'கேப்டன்' வந்தது. ஜெயசூர்யா சத்யனாக நடித்தார். மைதானத்தை விட்டு வெளியே வந்த ஆட்டக்காரனின் தனிமையைப் பற்றிக் கேரளம் அப்போது பேசியது. பேச வேண்டியதுதான். பேச்சு பக்குவப்பட அத்தனை காலம் தேவைப்பட்டது. முதல் வாரத்தில் அதே கதையைச் சொல்லியிருந்தால் வெறும் ஊர்வம்பாக முடிந்திருக்கும்.

கிரிக்கெட் வீரர் வி.பி.சந்திரசேகர் விஷயத்தில் அந்தக் காலம்கூடக் கொடுக்கப்படவில்லை. 2019 ஆகஸ்ட் 15 இரவு சென்னையில் அவர் இறந்ததாகச் செய்தி வந்தது. மாரடைப்பு என்றே முதலில் எல்லோரும் எழுதினார்கள். மறுநாள் போலீசார் அது தற்கொலை என்றார்கள். அந்த நிமிடத்திலிருந்து அறை, கதவு, கடன், டிஎன்பிஎல் அணிக்கு அவர் செய்த செலவு என்று எல்லாம் வீட்டு வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டன. இரானி கோப்பையில் 56 பந்தில் சதம் அடித்த தொடக்க ஆட்டக்காரர், 1987-88இல் ரஞ்சிக் கோப்பை வென்ற தமிழ்நாடு அணியின் வீரர், தேர்வாளர், சென்னை சூப்பர் கிங்ஸ் உருவானபோது தோனியை எடுக்க வேண்டும் என்று வாதாடியவர் என்ற வாழ்க்கை இரண்டாம் பத்திக்குத் தள்ளப்பட்டது. முதலில் மாரடைப்பு என்று சொன்னதை மறைப்பு என்று சிலர் குற்றம் சாட்டினார்கள். இடி விழுந்த வீட்டில் அந்த இரவு யார் என்ன சொன்னார்கள் என்பதற்குக் கணக்கு கேட்க நமக்கு உரிமை இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அவர் இறந்து ஒரு மாதம் ஆவதற்குள், செப்டம்பர் 13 அன்று, இந்தியப் பிரஸ் கவுன்சில் தற்கொலைச் செய்திகளுக்கான நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. முறையை விவரிக்காதே, இடத்தைச் சொல்லாதே, தலைப்பில் பரபரப்பு வேண்டாம், படம் போடாதே, திரும்பத் திரும்ப வெளியிடாதே என்பவை அதில் உள்ளவை. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளை ஒட்டியவை. புகழ்பெற்றவர் ஒருவரின் மரணத்தை விவரமாக எழுதுவது, அதே நிலையில் தத்தளிக்கும் முகம் தெரியாத வாசகர் ஒருவரை ஆபத்தான பக்கம் தள்ளலாம் என்பது பல நாட்டு ஆய்வுகள் கண்ட உண்மை. அப்படித் தத்தளிக்கும் யாரும் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலோ மலையாளத்திலோ பேசலாம். இந்த ஒரு வரி, அறையின் பத்து விவரங்களைவிடப் பயனுள்ளது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், பாதி வழிவரைதான் வருகிறது. வாழும் உரிமையைத் தரும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவில் அடங்கிய கண்ணியம், இறந்தவரின் உடலுக்கும் உண்டு என்று பரமானந்த் கடாரா வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இறந்தவர் மீது பழி சுமத்துவது, குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு செய்யப்பட்டால் அதுவும் அவதூறு ஆகலாம் என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு சொன்னது. அந்த விளக்கம் பாரதிய நியாய சம்ஹிதையின் 356ஆம் பிரிவிலும் தொடர்கிறது. ஆனால் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். ஊகிப்பவர்களோ, நாங்கள் அக்கறையில்தான் கேட்கிறோம் என்பார்கள். ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்கியது தொடர்பான வழக்கில், ஒருவருடைய அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, சொத்துபோல் வாரிசுக்கு வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் கூறியது. ஆக, உடலுக்குக் காவல் உண்டு, கதைக்குக் காவல் இல்லை. அமெரிக்காவில் 2020 ஜனவரி 26 அன்று கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட், அவர் மகள் உட்பட ஒன்பது பேர் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபோது, உடல்களைப் படமெடுத்துச் சுற்றுக்கு விட்டவர்கள் அங்கே கடமைக்குப் போன அரசு ஊழியர்களே. ஒருவர் மதுக்கடையில் அதைக் காட்டிக்கொண்டிருந்தார். அப்படிப் படமெடுப்பதைக் குற்றமாக்கி கலிஃபோர்னியா அதே ஆண்டு சட்டம் செய்தது. இரண்டு குடும்பங்களுக்கு 3.1 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது 2022இல் ஒரு ஜூரி. நம்மிடமும் அப்படியொரு சட்டம் வந்தால் நல்லதுதான். ஆனாலும் சட்டத்தால் தடுக்க முடிவது படத்தை மட்டுமே. நாவுக்கு வேலி போட வேண்டியது நாம்தான்.

இந்த வாதத்துக்கு வரும் எதிர்ப்புகளில் ஒன்று மிகக் கனமானது. இறந்தவரை மதிப்போம் என்ற பெயரில், அவர் செய்த தீங்குகளையும் சேர்த்துப் புதைத்துவிடுகிறோமே என்பது அது. 2020 நவம்பர் 25 அன்று மரடோனா இறந்தபோது கேரள அரசு விளையாட்டுத் துறையில் இரண்டு நாள் துக்கம் அறிவித்தது. 2012இல் கண்ணூருக்கு வந்து ஆடிக் காட்டியவர் என்ற பாசம் வேறு. அதே நாள்களில் ஸ்பெயினில் பவுலா டபெனா என்ற வீராங்கனை, மரடோனாவுக்கான மௌன அஞ்சலியின்போது திரும்பி முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார். பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதத்துக்கு அது எதிர்ப்பு. அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. கோபி பிரயன்ட் இறந்த அன்று, 2003இல் அவர் மீது எழுந்த பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு பற்றிய பழைய கட்டுரை ஒன்றை ஃபெலிசியா சோன்மெஸ் என்ற வாஷிங்டன் போஸ்ட் நிருபர் பகிர்ந்தார். பத்திரிகை அவரை விடுப்பில் அனுப்பியது, சக ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் எதிர்த்த பின் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்தக் குற்ற வழக்கு 2004இல் கைவிடப்பட்டது, சிவில் வழக்கு சமரசமானது என்பதும் பதிவில் உள்ளவை. இந்த இரண்டு பெண்களும் இறந்தவரை அவமதித்தார்கள் என்று நான் கருதவில்லை. அவர்கள் பேசியது அந்த ஆட்டக்காரர்களின் வாழ்க்கையைப் பற்றி. அவர்கள் உயிரோடிருந்தபோதே பொதுவில் இருந்த செய்தியைப் பற்றி. யாரும் பார்க்காத கடைசி மணி நேரத்தைப் பற்றி அவர்கள் கதை கட்டவில்லை. மரணம் யாரையும் புனிதராக்கிவிடுவதில்லை. பாதிக்கப்பட்டவரைப் பார்த்து, அவர் இறந்துவிட்டார், இனி வாயை மூடு என்று சொல்வதில் மரியாதை எதுவும் இல்லை. முழு வாழ்க்கையையும் நேர்மையாகச் சொல்லும் இரங்கல் கட்டுரை, வெறும் புகழாரத்தைவிட இறந்தவருக்கு உயர்ந்த மரியாதை. மரடோனாவை உண்மையில் அவமதித்தவர்கள், சவப்பெட்டியைத் திறந்துவைத்துக் கட்டைவிரலை உயர்த்திப் படமெடுத்துக்கொண்ட இறுதிச்சடங்கு நிறுவன ஊழியர்கள்தான்.

இன்னோர் எதிர்ப்பு மருத்துவம் சார்ந்தது. காரணத்தைப் பேசாமல் விட்டால் அடுத்த மரணத்தை எப்படித் தடுப்பது? 2019 டிசம்பர் 29 அன்று பெரிந்தல்மண்ணையில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து ஆட்டத்தின்போது, பாலக்காட்டுக்காரரான ஆர்.தனராஜன் மைதானத்திலேயே சரிந்து இறந்தார். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று கொல்கத்தாவின் பெரிய அணிகளுக்கெல்லாம் ஆடியவர், 39 வயதில், மலபாரின் செவன்ஸில் ஆடிக்கொண்டிருந்தார். இங்கே கேள்வி கேட்பது கடமை. மைதானத்தில் மருத்துவர் இருந்தாரா, இதயத்துக்கு அதிர்வு கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் இருந்ததா, வயது ஏறிய ஆட்டக்காரர்களுக்கு இதயப் பரிசோதனை நடக்கிறதா? இவற்றில் எதற்கும் அவர் சரிந்து விழும் காட்சியை மறுபடி பார்க்கத் தேவையில்லை. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று விழுந்தபோது டென்மார்க் வீரர்கள் அவரைச் சுற்றி வளையமாக, வெளிப்பக்கம் பார்த்து நின்றார்கள். கேமராக்கள் அப்போதும் அவர் மனைவியின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தன. ஒளிபரப்பிய பிபிசி பின்னர் மன்னிப்புக் கேட்டது. எரிக்சன் பிழைத்தார், அவரைப் பிழைக்கவைத்தது டிஃபிப்ரிலேட்டர். போட்டியில் ஆடும் ஒவ்வொருவருக்கும் இதய மின்னலைப் பரிசோதனையை இத்தாலி 1982 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. இப்படிப்பட்ட விதிகள் இறந்தவர் யார், அவர் என்ன தின்றார், என்ன குடித்தார் என்ற ஆராய்ச்சியில் பிறப்பதில்லை. பரிசோதனை முடிவுகளை நிதானமாகச் சேர்த்துப் படித்தவர்களிடமிருந்து பிறக்கின்றன. பொதுநலன் என்பது கேள்வியின் திசையில் இருக்கிறது: அமைப்பை நோக்கிக் கேட்டால் அது பொதுநலன், உடலை நோக்கிக் கேட்டால் வெறும் ஆவல்.

ரசிகர்களும் துக்கப்படுபவர்கள்தானே, அவர்களுக்கும் பேசியாக வேண்டுமே என்பது நியாயமான பேச்சு. உலகக் கோப்பை வந்தால் ஆற்றின் நடுவே மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ரொனால்டோவுக்கும் கட் அவுட் வைக்கும் மாநிலம் கேரளம். அந்த அன்பில் பொய் இல்லை. ஆனால் அன்பு சில சமயம் அதிகாரமாக மாறிவிடுகிறது. 2025 ஜூலை 3 அன்று ஸ்பெயினின் சமோரா பகுதியில் நடந்த கார் விபத்தில் லிவர்பூல் வீரர் தியோகோ ஜோட்டா தம்பியோடு இறந்தார். வயது 28, திருமணமாகி இரண்டு வாரம் நிறையவில்லை. கார் எது, வேகம் என்ன என்ற பேச்சு ஓய்வதற்குள், ரொனால்டோ ஏன் இறுதிச்சடங்குக்கு வரவில்லை என்று உலகமே விசாரணைக் கமிஷன் வைத்தது. தன் தந்தை இறந்தபோது கல்லறையைக் கூட்டமும் கேமராக்களும் சூழ்ந்துகொண்டதை நினைவுகூர்ந்து அவருடைய சகோதரி எழுத வேண்டியதாயிற்று. யார் எப்படி அழ வேண்டும் என்று வெளியார் தீர்மானிப்பதும் இறந்தவருக்குச் செய்யும் அவமரியாதையே. அந்த வாரம் பேச வேண்டியிருந்தது ஜோட்டா அடித்த கோல்களைப் பற்றி. பேசிய பலர் ரொனால்டோவைப் பற்றிப் பேசினார்கள்.

இறந்தவருக்கு எதுவும் உறைக்காது, பிறகு இத்தனை கட்டுப்பாடு யாருக்காக என்று சிலர் கேட்பதுண்டு. உல்மரின் குடும்பத்துக்கும் சுப்ரத பாலுக்கும் உறைத்தது, அதுவே போதுமான விடை.

கேரள விளையாட்டு கவுன்சிலுக்கும் கேரள கிரிக்கெட் சங்கத்துக்கும் தலைமையகம் திருவனந்தபுரம்தான். சிட்னியில் ஹியூஸுக்காகச் செய்ததை இங்கேயும் ஒரு வழக்கமாக்குவதற்கு அரசாணைகூடத் தேவையில்லை. வீரர் ஒருவர் இறந்தால் குடும்பத்தின் சார்பில் பேச ஒரே ஒருவர். மருத்துவக் காரணத்தைக் குடும்பத்தின் சம்மதத்தோடு ஒரே முறை சொல்ல ஒரு மருத்துவர். அதுவரை சங்கத்தின் எந்த அலுவலரும், முன்னாள் வீரரும் மைக்கின் முன் காரணம் சொல்வதில்லை என்ற உறுதி. தொலைக்காட்சிகள் அடக்கம் முடியும்வரை ஒப்பீட்டு விவாதத்தைத் தள்ளிவைக்கலாம்; ஆட்டத்தின் பழைய பதிவுகளைக் காட்டினாலே மணிக்கணக்கில் திரை நிறையும், பார்க்கிறவர்களும் நன்றியோடு பார்ப்பார்கள். மைதானத்தில் நேர்ந்த மரணம் என்றால் மட்டும் ஒரு விசாரணை வேண்டும். அதன் அறிக்கை குறித்த காலத்துக்குள் வெளிவர வேண்டும். அதில் இருக்க வேண்டியது ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வந்தது, கருவி இருந்ததா, அதை இயக்கத் தெரிந்தவர் இருந்தாரா என்ற விவரங்கள். மழைக்காலம் ஓய்ந்ததும் மலபாரில் அடுத்த செவன்ஸ் சீசன் தொடங்கிவிடும். டிக்கெட் போட்டு ஆட்டம் நடத்துகிறவர்களிடம் இந்த மூன்று கேள்விகளையும் முதல் விசில் ஊதுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.